கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்

பாலக்கோடு மண்டியில் கணக்கு எழுதும் தம்பி ஒருவன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, எக்செல்லயே பாஸ்வேர்டு போட்டு வச்சுக்கலாமா, இல்ல காசு குடுத்துத் தனியா சாஃப்ட்வேர் வாங்கணுமா? நீங்கதான் ரொம்ப வருஷமா வச்சிருக்கீங்களே." நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அதற்கு முந்தின நாலு நாளும் நான் அந்தப் பாஸ்வேர்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போனில் சொன்ன பதிலை எழுத்தில் போட முடியாது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

நான் இருப்பது ராயக்கோட்டை தக்காளி மண்டியில். 2016லிருந்து கணக்கு முழுக்க எக்செல்தான். அது என்ன செய்யும், செய்யாது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது பூட்டைப் பற்றி மட்டும்.

எக்செல்லில் பூட்டு ஒன்றல்ல. ஷீட்டுக்குள் யாரும் கை வைக்காமல் இருக்கப் போடுவது ஒன்று, ஃபைலையே திறக்கவிடாமல் போடுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி சின்னப் பெட்டி வரும், இரண்டு தடவை பாஸ்வேர்டு கேட்கும், மறந்தால் மீட்க முடியாது என்று ஒரே மாதிரி மிரட்டும். ஆனால் ஒன்று வேலிக்குக் கட்டிய படல், ஆடு நுழையாது, ஆள் நுழைவான். மற்றது நிஜமான இரும்புப் பெட்டி. எது எது என்று எங்கேயும் பளிச்சென்று சொல்ல மாட்டார்கள். ஒன்பது வருஷமாக இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டே புழங்கியிருக்கிறேன்.

முதலில் படல். எங்கள் கிரேட் (தக்காளி அடுக்கும் பெட்டி) கணக்கு ஃபைல். விவசாயிகளுக்குக் காலி கிரேட் எத்தனை போனது, எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு. தக்காளியில் போகும் நஷ்டத்தைவிட காணாமல்போகும் கிரேட்டில் போவது அதிகம் என்று முதலாளி நம்புகிறார். 2016ல் அவர் பையன் லீவுக்கு வந்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பாக்கி நெடுவரிசையின் ஃபார்முலாவை ஒரே தட்டில் அழித்துவிட்டான். அன்றைக்கு ஷீட்டுக்குப் பூட்டுப் போட்டேன். கட்டங்களில் எழுத மட்டும் வழி விட்டிருந்தேன், அதனால் அதற்கப்புறம் அந்தப் பாஸ்வேர்டு தேவையே படவில்லை. இந்த வருஷம் கிரேட்டுக்கு டெபாசிட் வாங்க ஆரம்பித்தோம், புதுசாக ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும், பாஸ்வேர்டு போன இடம் தெரியவில்லை.

ஊரில் சுற்றும் மேக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் சின்ன நிரல்) ஒன்று இருக்கிறது, அதை ஓட்டினால் பூட்டு திறந்துவிடும் என்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போன எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வகை ஃபைலில் அது சீக்கிரமே திறந்தது. திறந்ததும் அது காட்டிய பாஸ்வேர்டு ஏ, பி, ஏ, ஏ என்று ஏதோ உளறல், சத்தியமாக அவர் போட்டதாக இருக்காது. பழைய வகையில் பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் ஒரு சின்ன எண்ணாகச் சுருக்கி வைப்பதால், அதே எண் வரும் வேறு எதை அடித்தாலும் ஒத்துக்கொள்ளும். மேக்ரோ மொத்தம் 1,94,560 வகை முயன்று பார்க்கிறது, அவ்வளவுதான் அதன் வித்தை. எக்செல் 2013லிருந்து அது பலிக்காது. கிரேட் ஃபைலில் ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, ஃபேன் சத்தம்தான் மிச்சம்.

அப்புறம்தான் கிருஷ்ணகிரியில் காலேஜ் படிக்கும் என் அக்கா மகள் சொன்னாள். "மாமா, எக்ஸ்எல்எஸ்எக்ஸ்னு வர்ற புது வகை எக்செல் ஃபைல், பல ஃபைலச் சுருக்கி ஒண்ணாக் கட்டுன ஜிப் ஃபைல்தான், உள்ள போய்ப் பாருங்க." நம்பவில்லை. ஒரு காப்பி எடுத்து (இதை மட்டும் மறக்காதீர்கள்) செவன்-ஜிப்பில் திறந்தால், நிஜமாகவே உள்ளே ஃபோல்டர்கள். எக்ஸ்எல் என்று ஒன்று, அதற்குள் ஒர்க்‌ஷீட்ஸ், அதற்குள் ஷீட்1 டாட் எக்ஸ்எம்எல். நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாக, மூச்சு விடாமல் ஓடுகிற எழுத்து. ஷீட்புரொடெக்‌ஷன் என்று தேடினேன். வந்து நின்றது. அதில் எஸ்ஹெச்ஏ-512 என்று ஒரு பெயர், புரியாத எழுத்துகளின் ஒரு நீளமான சரம், ஸ்பின்கவுண்ட் 1,00,000. அதாவது என் பாஸ்வேர்டை ஒரு லட்சம் தடவை அரைத்து, கண்டுபிடிக்கவே முடியாதபடி வைத்திருக்கிறார்கள். சரி. அந்த வரியை, திறக்கும் குறியிலிருந்து மூடும் குறிவரை, அழித்தேன். சேவ் பண்ணினேன். பூட்டு இல்லை!

ஒரு லட்சம் தடவை அரைத்த சாவித் துவாரம், கதவோ கீலோடு கையில் வருகிறது. முதல் தடவை ஒரு எழுத்து கூடுதலாக அழித்துவிட்டேன், ஃபைலில் ஏதோ கோளாறு, சரிசெய்யட்டுமா என்று எக்செல் கேட்டது. மறுபடி புதுக் காப்பி எடுத்து நிதானமாகச் செய்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அந்தப் பத்து நிமிஷ சந்தோஷத்துக்கு எக்செல்லுக்கு அஞ்சுக்கு அஞ்சு கொடுத்திருப்பேன்.

அந்தத் தெம்பில் அடுத்த ஃபைலுக்குப் போனேன், அங்கே மாட்டிக்கொண்டேன்.

2023 முன்பணக் கணக்கு. அந்த ஜூலை ஞாபகம் இருக்கும், தக்காளி கிலோ நூறைத் தாண்டிய மாதம். யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று வெளியே தெரிந்தால் பக்கத்துக் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று, அந்த ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு போட்டேன். சீசன் முடிந்தது, ஃபைலை மறந்தேன். இப்போது கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து, அந்த வருஷம் தனக்கு நாலாயிரம் நிற்கிறது என்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெட்டி திறந்தால்தானே.

செவன்-ஜிப்பில் போட்டேன். முன்பு பார்த்த ஃபோல்டர்கள் எதுவும் இல்லை. என்கிரிப்ஷன்இன்ஃபோ, என்கிரிப்டெட்பேக்கேஜ் என்று ஏதேதோ பெயர்கள். அழிக்க வரியே கிடையாது, மொத்தச் சரக்கும் பொடியாக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 1500 ரூபாய் கேட்டு, இரண்டு நாள் வைத்திருந்து, முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஃபைலை ஏற்றினால் திறந்து தருகிறோம் என்று நெட்டில் ஆயிரம் பேர். முன்னூறு விவசாயிகளின் பேங்க் நம்பரை முகம் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு நான் மண்டியில் எப்படி நிற்பது?

பாஸ்வேர்டு எனக்குப் பாதி தெரியும். தக்காளி என்று இங்கிலீஷில், பின்னால் அன்றைய கிரேட் விலை. விலையில்தான் சந்தேகம். 2350 என்று முதலில் அடித்தேன், இல்லை என்றது. பழைய பில் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஜூலையின் ஒவ்வொரு நாள் விலையையும் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்: பாஸ்வேர்டு தவறு, கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நானும் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மூன்று நாள், ஒவ்வொரு தடவையும், யோக்கியமாக, பார்த்தேன்.

நாலாம் நாள் மண்டி கம்ப்யூட்டரில் வரவு ஏற்றிக்கொண்டிருந்தேன். பில்லில் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது முதலாளி சட்டம். அதனால் அந்த கீபோர்டில் கேப்ஸ் லாக் காலையில் போட்டால் சாயங்காலம்வரை அப்படியேதான், அதன் விளக்கு எரியாமல்போய் வருஷக்கணக்காகிறது. நடுவில் கடுப்பில் அந்த ஃபைலைச் சொடுக்கி, பழையபடி 2350 போட்டு அடித்தேன்.

திறந்தது.

2023ல் பாஸ்வேர்டு போட்டபோதும் கேப்ஸ் லாக் ஓடியிருக்கிறது. இரண்டு தடவை கேட்டபோது இரண்டு தடவையும் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறேன், இரண்டும் ஒத்துப்போயிருக்கிறது. சீசன் முழுக்க அதே கீபோர்டில் திறந்ததால் தெரியவே இல்லை. வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து அது சொன்னபடி அணைத்துவைத்து அடித்ததுதான் நான் செய்த தப்பு. "அணைந்திருக்கிறதா" என்பதற்குப் பதிலாக "மாற்றிப் பாருங்கள்" என்று எழுதியிருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும், 1500 ரூபாய் கேட்ட கடைக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டேன். நியாயமாகப் பார்த்தால் மறந்தது நான், பூட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, யாரிடமும் அசையவில்லை. நியாயம் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

கெலமங்கலத்துக்காரருக்கு நிஜமாகவே நாலாயிரத்து இருநூறு நிற்கிறது.

தம்பிக்குப் பதில்: போடாதே. ஷீட்டுக்குப் போட்டால் கை தவறாமல் இருக்கும், திருடனைத் தடுக்காது. ஃபைலுக்குப் போட்டால் திருடனுக்கும் திறக்காது, உனக்கும் திறக்காது. மதிப்பெண் அஞ்சுக்கு ரெண்டு, அதில் ஒன்று அக்கா மகளுக்கு.

இந்த வருஷ முன்பணக் கணக்குக்கு நேற்றுதான் பாஸ்வேர்டு போட்டேன். பில் புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே "பெரிய எழுத்து" என்று இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.