ஒரு லீடரா, பல கோ-லீடரா, இரட்டைக் கிளானா? மலையகக் கிளான்களுக்கு எது தாங்கும்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற போன் விளையாட்டில் ஒரு கிளானுக்கு, அதாவது குழுவுக்கு, 50 பேர்தான் உச்சம். லீடர் ஒரே ஒருவர்; அவருக்கு அடுத்த பதவி கோ-லீடர், அதற்கும் கீழே எல்டர். அட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கங்களில் இரண்டு மூன்று தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கிளான் கட்டினால், தோட்டத்துக்கு ஒரு கோ-லீடர் வேண்டும் என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். சண்டையும் அங்கேதான் முளைக்கும். கோபித்துக்கொண்டு வெளியே போகிறவர்கள் கிளான் லெவல், கிளான் கேப்பிடல் (கிளானே சேர்ந்து கட்டும் பொது ஊர்), லீக் தரம் எதையும் எடுத்துப்போக முடியாது. அதனால்தான் யார் கையில் கிளான் இருக்கிறது என்பதற்கு இவ்வளவு போட்டி.

முதல் வழி, எல்லா முடிவும் லீடர் கையில். வார் (இன்னொரு கிளானோடு மோதும் சண்டை) நேரம் குறிப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஆயத்த நாள் 23 மணித்தியாலம், சண்டை நாள் 24 மணித்தியாலம். வெள்ளி இரவு 10 மணிக்குத் தேடலை அழுத்தி உடனே எதிரணி கிடைத்தால், சண்டை சனி இரவு 9 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி இரவும் ஞாயிறு இரவு 9 மணிவரையும் கிடைக்கும். காலை 6 மணிக்கு அழுத்தினால் கடைசி மணித்தியாலம் விடியற்காலை 4 மணிக்கு வந்து விழும். பாதி அட்டாக் வீணாகும். லய வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறி அடிக்கிறவர்களுக்கு மாலை மழையும் தடை. ஆகவே முதல் அட்டாக்கைச் சனி இரவே முடிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு இரண்டு அட்டாக். முதல் படையை இறக்கியதுமே ஒன்று கணக்கில் போய்விடும், லைன் அறுந்தாலும் திரும்ப வராது.

இதன் பலவீனம், லீடர் கொழும்புக் கடை வேலைக்குப் போகும்போது தெரியும். "தீபாவளிக்கு வந்ததும் திருப்பித் தா" என்று சொல்லி லீடர் பதவியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்த நொடியே அவர் வெறும் கோ-லீடர். புதிய லீடர் நினைத்தால் அவரை வெளியேற்றவும் முடியும், திருப்பித் தரும்படி விளையாட்டில் எந்தக் கட்டாயமும் இல்லை. வார் தொடங்கக் கோ-லீடர் பதவியே போதும். பிறகு ஏன் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது வழி, ஏழெட்டுப் பேரைக் கோ-லீடர் ஆக்கி எல்லாரையும் சமாதானப்படுத்துவது. பார்க்க நியாயமாக இருக்கும். மூன்று வழிகளிலும் ஆபத்தானது இதுதான். கோ-லீடர், எல்டரையும் சாதாரண உறுப்பினரையும் வெளியேற்றலாம். அவரை இன்னொரு கோ-லீடர் தடுக்க முடியாது. லீடர் ஒருவரால்தான் முடியும். லீடர் தூங்கும் இரவில் ஒரு கோபக்காரர் கிளானையே காலி செய்துவிடலாம். அப்படி நடந்தால் பதற வேண்டாம். வார் நடுவில் வெளியேற்றப்பட்டவரின் இடம் வார் வரைபடத்தில் அப்படியே இருக்கும், திரும்ப அழைத்தால் அவர் அடிக்கலாம். லீடர் முதலில் அந்தக் கோ-லீடரை இறக்கிவிட்டு, அட்டாக் மிச்சம் உள்ளவர்களை முதலில் அழைக்க வேண்டும். டொனேஷன் (மற்றவர்களுக்குப் படை கொடுப்பது) நன்றாகத் தருகிறவருக்கு எல்டர் பதவி போதும். கோ-லீடர் மூன்றைத் தாண்ட வேண்டாம். அதில் ஒருவராவது தோட்டத்திலேயே தங்கியிருப்பவராக இருக்கட்டும்.

மாதந்தோறும் ஏழு நாள் சண்டையாக நடக்கும் கிளான் வார் லீக்கின் போனஸ் பதக்கம் இங்கே இன்னொரு நெருப்பு. அது எல்லாருக்கும் போதாது. யாருக்கு என்பதை மாதம் தொடங்கும் முன்பே எழுதிப் போடுங்கள்: ஏழு நாளும் அட்டாக்கைத் தவறவிடாதவர் முதலில், அடுத்து அதிக ஸ்டார் எடுத்தவர், போன மாதம் வாங்கியவர் வரிசையின் கடைசியில்.

மூன்றாவது, இரட்டைக் கிளான். பலமானவர்கள் ஒன்றில், வளர்கிறவர்கள் மற்றதில். ஆள் இருந்தால் மலையகத்துக்கு இதுவே நிலைக்கும் என்பது எங்கள் தீர்ப்பு. இரண்டு தோட்டத்துக்கும் ஆளுக்கொரு லீடர் கிடைப்பதால் பதவிச் சண்டையின் வேரே அறுகிறது. ஆனால் ஆள் கணக்கு முக்கியம். லீக்கில் சேரக் குறைந்தது 15 பேர் வேண்டும். தோட்டத் திருவிழா, வேலை, டேட்டா தீர்ந்துபோவது என்று பார்த்தால் மாற்றுக்கு நாலு பேராவது தேவை. ஆக இரண்டுக்கும் 38 பேர். அதற்குக் குறைந்தால் பிரிக்காதீர்கள், இரண்டுமே லீக்கில் நொண்டும்.

ஆள் மாற்றுவதையும் மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். ஒரு கிளானில் லீக்குக்குப் பதிந்தவர் அந்த மாதம் மற்றதற்காக அடிக்க முடியாது. சாதாரண வாரிலும் பழைய கிளானின் வார் முடியும்வரை புதியதில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு லீடரும் தன் இரண்டாவது கணக்கை மற்றக் கிளானில் கோ-லீடராக வைத்துக்கொண்டால் ஒரு இடம் போகும், ஆனால் இரவில் நடக்கும் எதுவும் ஒளியாது.

இரண்டு தோட்டமும் யார் பெரியவர் என்று முறுக்கிக்கொண்டால் நட்பு வார் வையுங்கள். ஆயத்த நேரத்தையும் சண்டை நேரத்தையும் நீங்களே குறைக்கலாம் என்பதால் ஒரே ஞாயிறில் முடியும். கொள்ளை கிடையாது, ஆகையால் நட்டமும் இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் லீடர் கணக்கு சூப்பர்செல் ஐடியில் (விளையாட்டு நிறுவனத்தின் கணக்குப் பதிவு) இருக்க வேண்டும், அதன் மின்னஞ்சல் லீடருக்கு மட்டும் தெரிய வேண்டும். பழைய போனை விற்கும் முன் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்துவிட்டே கொடுங்கள். வாங்கியவர் கையில் லீடர் பதவியும் சேர்ந்து போனால் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் உதவாது.