‘100 தடவை பயன்படுத்தலாம்’ என்று விற்ற சிரிஞ்ச்: வாங்கிவிடாதீர்கள்

வீட்டில் ரோஸ்மில்க், நன்னாரி, ஆரஞ்சு சிரப் காய்ச்சி விற்கிறவர்கள் எசன்ஸ் அளக்க சிரிஞ்ச் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வெயில் ஏறுகிற மாசி, பங்குனியில்தான் நாம் எல்லோரும் வாங்குவோம். நான் ஏமாந்ததும் அப்போதுதான்.

ஆன்லைன் கடை ஒன்றில், "உணவுத் தரம், கழுவிக் கழுவி 100 தடவை பயன்படுத்தலாம்" என்று போட்டிருந்தார்கள். 10 மில்லி சிரிஞ்ச் ஆறு, 540 ரூபாய். ஒரே ஜிப் கவரில் மொத்தமாகப் போட்டு அனுப்பினார்கள். தனித்தனி உறை இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கல்யாண ஆர்டர் கையில் இருந்ததால் பிரித்துப் பயன்படுத்திவிட்டேன்.

முதல் வாரம் குறையில்லை. இரண்டாவது வாரம் ரோஸ் எசன்ஸ் பட்ட இடத்தில் எண்கள் அழிய ஆரம்பித்தன. 3-க்கும் 4-க்கும் நடுவில் கோடே இல்லை. முனையில் ரப்பர் வைத்த அழுத்துகிற தண்டு இறுகியது. கடைக்கு எழுதிக் கேட்டேன். "ரப்பரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க மேடம், வழுக்கிட்டுப் போகும்" என்று பதில் வந்தது. நம்பித் தடவினேன். மறுநாள் ரப்பர் ஊதிப்போய் இன்னும் மோசமாகப் பிடித்துக்கொண்டது.

அதே சிரிஞ்சில்தான் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் அளந்தேன். 5 லிட்டர் சிரப்புக்கு 2 மில்லி போதும். தண்டு நகரவில்லை. பலம் கொடுத்து அழுத்தினேன், ஒரேயடியாகப் பாய்ந்து 6 மில்லிக்கு மேல் இறங்கிவிட்டது. வாயில் வைத்தால் நாக்கு எரிந்தது. இரண்டரை கிலோ சர்க்கரை, ஒரு காலை நேர வேலை, எல்லாம் சாக்கடையில் போனது. கல்யாண வீட்டில் போய், "சாயங்காலம்தான் தர முடியும் அக்கா" என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது.

எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்ததுமே, "இது ஊசி போட்டுட்டுத் தூக்கிப் போடுற சாதா சிரிஞ்ச்மா, பத்து ரூபாய்கூட ஆகாது" என்றார். உறை இருந்தால் வட்டத்துக்குள் 2 என்று போட்டுக் குறுக்கே கோடு கிழித்த குறி இருக்குமாம். ஒரு தடவைக்கு மேல் கூடாது என்று அர்த்தம். அது தெரியக்கூடாது என்றுதான் உறையை உரித்து விற்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். யார் கையால் எங்கே பிரித்ததோ, அதைச் சாப்பாட்டுப் பொருளில் விட்டோமே என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்க கழுவின முறை தப்பு" என்று முடித்துவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னது யார்? இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். தெர்மாகோலையே கரைக்கிற எண்ணெய் அது.

இப்போது நான் செய்வது: தோல் எண்ணெய், கிராம்பு எண்ணெய் எதற்கும் ரப்பர் முனை வைத்த சிரிஞ்ச் கிடையாது. கண்ணாடி சிரிஞ்ச் ஒன்று வாங்கிவிட்டேன், சின்ன வயதில் டாக்டர் எவர்சில்வர் டப்பாவில் கொதிக்க வைப்பாரே, அந்த மாதிரி. தண்ணீர் பதமான எசன்ஸுக்கு சிலிகோன் முனை வைத்தது, உறையோடு, வாசனைக்கு ஒன்றாக. வாங்கிய அன்றே எண்கள் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுகிறேன். அளந்த கையோடு தண்டை உருவி, சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, தனித்தனியாகக் காய வைக்கிறேன். தண்டைச் செருகியே வைத்தால் முனை நசுங்கி ஒட்டிக்கொள்கிறது. இறுகினால் உணவுத்தர கிளிசரின் ஒரு சொட்டு, எண்ணெய் வேண்டவே வேண்டாம். அப்படியும் இறுகினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். தராசில் நிறுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆரஞ்சு எண்ணெய் 2 மில்லி 2 கிராம் வராது, ஏறக்குறைய 1.7 கிராம்தான்.

அந்தக் கடை இன்னும் அதே படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், "தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்ற அந்தப் பதில் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்படியே ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள்.