பிட்ஸ்பேர்க் பஸ்ஸும் டி ரயிலும்: மட்டக்களப்பிலிருந்து போகும் அம்மா, அப்பாவுக்கு எவ்வளவு தோது?

மகளோ மகனோ பிட்ஸ்பேர்க்கில் படிக்கிறார்கள், அல்லது அங்கேயே வேலை. அம்மாவும் அப்பாவும் சில மாதம் போய் நிற்கிறார்கள். பிள்ளை காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வரும். கார் ஓட்டாத பெற்றோர் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் வேண்டுமா? அமெரிக்காவின் பல நடுத்தர நகரங்களில் வேறு வழி குறைவு. பிட்ஸ்பேர்க்கில் வழி உண்டு. கல்முனையில் பஸ் ஏறி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து போகிற ஒருவருக்கு இந்த நகரத்துப் பஸ் மூன்று நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் நம்மூர்ப் பழக்கத்தில் சிலவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

நகரத்தின் அமைப்பை மட்டக்களப்புப் புளியந்தீவை நினைத்துக்கொண்டால் விளங்கும். அலகெனி, மொனொங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒஹையோ ஆறாக மாறும் முனையில்தான் டவுன்டவுன் என்ற நகர மையம் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் பாலம்தான். பெரும்பாலான பஸ்கள் அந்த முனைக்கே வந்து திரும்புகின்றன. பல்கலைக்கழகங்களும் நூதனசாலைகளும் உள்ள ஓக்லன்ட், அதைத் தாண்டி ஸ்குவிரல் ஹில் ஆகிய இரண்டு பகுதிக்கும் 61 ஏ, பி, சி, டி என நான்கு பஸ்கள் போகின்றன. ஸ்குவிரல் ஹில் வரை எது வந்தாலும் ஏறலாம். அதற்கு அப்பால் நான்கும் நான்கு வழி. எண்ணைப் பார்த்து எழுத்தைப் பார்க்காமல் ஏறுவதுதான் புதிதாகப் போகிறவர்கள் விடும் முதல் பிழை. கிழக்குப் பக்கம் வீடு என்றால் பி 1 பஸ் இன்னும் நல்லது. கார் எதுவும் வராத, பஸ்ஸுக்கென்றே 1983இல் திறந்த தனிப் பாதையில் அது ஓடுவதால் நெரிசலில் மாட்டாது.

காசு விசயத்துக்கு வருவோம். 2022இல் வந்த கட்டணத்தின்படி ஒரு பயணம் 2.75 டொலர், புறப்படும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு ஏற்ப அது கூடவோ குறையவோ மாட்டாது. பஸ்ஸில் கொண்டக்டர் இல்லை. மிச்சக் காசு தருகிற வேலை ட்ரைவருக்கும் இல்லை. ஐந்து டொலர் தாளை உண்டியலில் போட்டால் ஐந்தும் போனதுதான். காசாகக் கொடுப்பதென்றால் ஒரு டொலர் தாள் இரண்டும், 25 சத நாணயம் மூன்றும் கையில் எண்ணி வைத்திருக்க வேண்டும். அதைவிடக் காசை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கனெக்ட் காட் என்ற பயண அட்டை வாங்குவதே சரி. டவுன்டவுனில் உள்ள இயந்திரங்களிலும் ஜயன்ட் ஈகிள் கடைகளிலும் கிடைக்கும். கனெக்ட் காட்டால் கட்டணம் கட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குள் வேறு பஸ் மாறினாலும், அதே வழியில் திரும்பினாலும் மறுபடி கழியாது. காசு கொடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. மரக்கறி வாங்கி இரண்டரை மணித்தியாலத்தில் திரும்பினால் போக வர ஒரே கட்டணம்! பிட் என்று அழைக்கும் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகம், கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக அட்டையில் இலவசமாகப் போகிறார்கள். ஆனால் அந்த அட்டை பிள்ளைக்கு மட்டும்தான். அம்மா, அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காட் வேண்டும்.

ஏறி இறங்குவது எப்படி? கம்பத்தில் மாட்டிய பலகையில் உங்கள் பஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து, அதன் கீழே நில்லுங்கள். நடுவழியில் கை காட்டினால் நிற்காது. முன்கதவால் ஏறி, ட்ரைவருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் காட்டைத் தொட்டால் சத்தம் கேட்கும். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் ட்ரைவரிடம் கையால் தாழ்த்திக் காட்டினால் போதும், பஸ்ஸின் முன்பக்கம் பதிந்து படி கீழே வரும். இதைக் கேட்க வெட்கப்படவே தேவையில்லை. முன் இருக்கைகள் முதியவர்களுக்கானவை. இறங்கும் ஹோல்ட்டுக்கு முந்தியது கடந்ததும் ஜன்னலோரம் ஓடும் கயிற்றை ஒருமுறை இழுங்கள். பின்கதவால் இறங்கும்போது மேலே பச்சை விளக்கு எரிந்த பிறகு கதவைக் கையால் தள்ள வேண்டும். அது தானாகத் திறக்கும் என்று நின்றால் பஸ் வெளிக்கிட்டுவிடும். இறங்குகிறவர்கள் ட்ரைவருக்குச் சத்தமாக நன்றி சொல்வது அந்த ஊர் வழக்கம். நீங்களும் சொல்லுங்கள், தமிழில் சொன்னாலும் விளங்கும்.

இனி உயிரோடு சம்பந்தப்பட்ட விசயம். அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடுகிறது, பஸ்ஸின் கதவும் வலப்பக்கம். நாம் சின்ன வயதிலிருந்து வலப்பக்கம் பார்த்து றோட்டைக் கடந்து பழகியவர்கள். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பக் கார்களுக்குப் பல சந்திகளில் அனுமதி உண்டு. அதோடு பிட்ஸ்பேர்க்குக்கே உரிய ஒரு பழக்கமும் இருக்கிறது: பச்சை விழுந்தவுடன், எதிரே வரும் கார் வழிவிட, இடப்பக்கம் திரும்பும் முதல் கார் சட்டென்று வெட்டிப் போய்விடும். ஆகவே நடக்கும் மனிதன் படம் எரிந்தாலும் ஒரு மூச்சுவிட்டுத்தான் காலை வையுங்கள். பஸ் பிடிக்கும் இடத்திலும் இதே குழப்பம் வரும். நம்மூரில் நிற்பதாக நினைத்து நின்றால் எதிர்த்திசைப் பஸ்ஸில்தான் ஏறுவீர்கள். நேர அட்டவணையில் இன்பவுண்ட் என்றால் டவுன்டவுனுக்குப் போவது, அவுட்பவுண்ட் என்றால் அங்கிருந்து வெளியே போவது. ஒருவழித் தெருக்களில் திரும்பும் பஸ் அடுத்த தெருவில் வரும்; இறங்கிய இடத்துக்கு எதிரே நின்று காத்திருந்து பயனில்லை.

டி என்று அழைக்கும் ரயில் டவுன்டவுனிலிருந்து தெற்குப் புறநகர்களுக்குத்தான் போகிறது. ஓக்லன்டுக்கோ ஸ்குவிரல் ஹில்லுக்கோ அது உதவாது. ஆனால் பர்ஸ்ட் அவென்யு முதல் அலகெனி நிலையம் வரை எல்லாருக்கும் இலவசம். 2012 முதல் ஆற்றுக்குக் கீழே சுரங்கம் வழியாகவும் போகிறது. ஸ்டேஷன் ஸ்குவேர் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் கட்டணம் உண்டு. அங்கே இறங்கினால் 1870இல் தொடங்கிய மொனொங்கஹீலா இன்கிளைன் பக்கத்தில்தான்: மலைச்சரிவில் கம்பியால் இழுபட்டு ஏறும் பெட்டி. அதே காட், அதே மூன்று மணித்தியாலம். திருத்த வேலைக்காக மூடுவதுண்டு, பார்த்துவிட்டுப் போங்கள். மேலே நின்றால் மூன்று ஆறுகளும் ஒரே பார்வையில் தெரியும்.

இந்த ஊரின் குறை என்று சொன்னால் மலைதான். நாம் அன்றாடம் ஏறும் உயரம் கல்லடிப் பாலம் மட்டும்தானே. அங்கே போனில் வரைபடம் ‘ஏழு நிமிட நடை’ என்று காட்டும் தெரு, நேரில் போனால் நூறு படிக்கட்டாக இருக்கலாம். இப்படி 700க்கு மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் நகரத்தில் உண்டு. சிலவற்றுக்குத் தெருப் பெயரும் இருக்கிறது. வீட்டிலிருந்து ஹோல்ட் வரையான வழியைப் பிள்ளை முதல் நாளே கூட நடந்து காட்டிவிட வேண்டும். பனிக்காலத்தில் நடைபாதையில் கண்ணாடிபோல் ஐஸ் உறையும். பாட்டா செருப்பும் சாதாரணச் சப்பாத்தும் வழுக்கும். அடியில் நல்ல பிடி உள்ள பூட்ஸ் இல்லாமல் டிசம்பர் முதல் மார்ச் வரை தனியே வெளிக்கிட வேண்டாம்.

விமான நிலையத்துக்கு 28 எக்ஸ் பஸ் ஓக்லன்டிலிருந்தும் டவுன்டவுனிலிருந்தும் போகிறது. அதே 2.75 டொலர்தான், ஊபருக்கு இதன் பத்து மடங்குக்கு மேல் போகும். கைப்பையோடு தனியே வருகிறவருக்குச் சிறப்பான சேவை. கருவாடும் மிளகாய்த்தூளும் அடைத்த பெரிய பெட்டி நான்கோடு வந்து இறங்கும் அன்றைக்குப் பிள்ளையின் காரே சரி. பென் ஹில்ஸ் புறநகரில் 1970களில் எழுந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் அப்படித்தான். அதைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பல பஸ்கள் நீண்ட இடைவெளியில்தான் ஓடும். திங்கள் முதல் வெள்ளி வரை பஸ் உங்களுடையது. வீட்டு முகவரி, பஸ் எண், எழுத்து, இறங்கும் ஹோல்ட்டின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதிக் கனெக்ட் காட்டோடு சேர்த்து வையுங்கள். போனில் சார்ஜ் இறங்கினாலும் அந்தத் துண்டை ட்ரைவரிடம் நீட்டலாம்.