பெரிய பெட்டியா, கொலம் ஸ்பீக்கரா, தூணுக்குத் தூண் சிறு ஸ்பீக்கரா? யாழ்ப்பாணத்துப் பழைய கோயில்களுக்கு எது பொருந்தும்

யாழ்ப்பாணத்தின் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் பெரும்பாலானவை பாட்டுக்கு வரம், பேச்சுக்குச் சோதனை. சாந்து பூசிய தடித்த சுவர், உயர்ந்த கூரை, வழவழப்பான தரை. வாசகர் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்ததும் முன்வாங்கில்கள் உடனே "இறைவா உமக்கு நன்றி" என்கின்றன. பின்வாங்கில்களில் இருப்பவர்கள் முன்னால் எழும் குரலைக் கேட்ட பிறகே வாய் திறக்கிறார்கள். வாசகம் முடிந்ததே அவர்களுக்கு அப்போதுதான் தெரிகிறது. இது எனக்கு மிகவும் வருத்தமான விடயம், ஏனென்றால் பின்னால் இருப்பவர்களில் பலர் முதியவர்கள்.

சத்தம் போதவில்லை, வலுக்கூடிய செற் வாங்குவோம் என்பதே வழமையான முடிவு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மண்டபத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை விநாடி எடுக்கும் என்பது வரும். அந்தக் கணக்கில் வாட்டுக்கு இடமே இல்லை. 30 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 10 மீற்றர் உயரமான ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். வெறுமையாக இருக்கையில் உறிஞ்சல் 190 சதுர மீற்றர் (அவ்வளவு பரப்புள்ள திறந்த ஜன்னல் விழுங்கும் ஒலி) என்றால் ஒலி அடங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 300 பேர் வந்து அமர்ந்தால், அவர்களும் ஒலியை உறிஞ்சுவதால், 1.8 விநாடி அளவுக்கு இறங்கும். பேச்சுக்கு 1.5 விநாடிக்குள் இருப்பது நல்லது. ஞாயிறு திருப்பலியில் ஓரளவு புரிவது வார நாளில் புரியாமல் போவதன் காரணம் இதுதான்.

பீடத்தின் இரு பக்கமும் பெரிய பெட்டிகளை வைப்பது முதல் வழி. வெளிநாட்டு உறவுகள் நன்கொடை தரும்போது பெரும்பாலும் இதுவே வந்து இறங்குகிறது, கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. திருவிழாவுக்கு வெளி வளவில் வைத்தால் அருமையாக ஒலிக்கும். உள்ளே வைத்தால் ஒலியில் பெரும்பங்கு கூரைக்கும் பின்சுவருக்கும் போய்த் திரும்பி வரும். சத்தத்தைக் கூட்டினால் நேரடிக் குரலோடு இரைச்சலும் அதே அளவு கூடும். உள்ளே வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டாவது வழி கொலம் ஸ்பீக்கர். ஒல்லியான நீண்ட பெட்டிக்குள் சிறிய ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒலி பக்கவாட்டில் விரியும், மேலும் கீழும் அதிகம் சிதறாது. ஆகவே கூரையை விட்டுவிட்டு ஆட்களின் காதுக்குப் போகிறது. இரண்டு கவனங்கள் தேவை. உயரத்தில் மாட்டினால் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். நேராக மாட்டிவிட்டுப் போனால் வாங்கியதன் பயன் பாதி போய்விடும். மற்றது, ஒரு மீற்றர் நீளப் பெட்டியால் தடித்த ஒலிகளைக் கட்டுப்படுத்த முடியாது. பேசும் மைக்குகளில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள தடித்த ஒலிகளை வெட்டிவிட்டால் முழக்கம் குறையும். நடுத்தரக் கோயில்களுக்கு என் தெரிவு இதுதான்.

தூண் வரிசைகள் கொண்ட நீண்ட கோயிலுக்கு மூன்றாவது வழி கைகொடுக்கும். தூணுக்கொரு சிறு ஸ்பீக்கர், 100 வோல்ற் லைனில், அதாவது பல ஸ்பீக்கர்களை ஒரே நீண்ட வயரில் கோக்கும் முறையில். ஒவ்வொன்றும் அருகிலிருப்பவருக்குத் தாழ்ந்த குரலில் பேசினால் போதும். ஆனால் டிலே, அதாவது பின்னால் உள்ள ஸ்பீக்கர்களுக்குப் போகும் குரலைச் சற்றுத் தாமதப்படுத்தும் ஏற்பாடு, இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. எங்கள் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். 25 மீற்றர் கடக்க 70 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். வயரிலோ குரல் அந்தக் கணமே வந்துவிடும். பின்வாங்கிலில் ஒரே சொல் இரண்டு தடவை கேட்டு, பழைய நிலையை விட மோசமாகும். அந்த 70உடன் இன்னும் 10, 15 மில்லிவிநாடி சேர்த்துத் தாமதப்படுத்தினால், பக்கத்துத் தூணிலிருந்து வரும் குரலும் பீடத்திலிருந்து வருவதாகவே காதுக்குப் படும். ஒலியியல் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து சொன்ன விளைவு இது. இந்த வழிக்குச் செலவும் பராமரிப்பும் அதிகம். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று வயர் முனைகளை அரிக்கும், ஆண்டுதோறும் பார்க்க ஆள் வேண்டும்.

எதைத் தெரிவு செய்தாலும், வாசக நேரத்தில் பாடகர் குழாமின் மைக்குகளை மூடுங்கள். திறந்த மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், கீச்சிடாமல் கூட்டக்கூடிய சத்தத்தில் 3 டெசிபல் பறிபோகிறது. காசு செலவில்லாத இந்தத் திருத்தத்தைத்தான் பலரும் செய்வதில்லை. ஜன்னல்களையும் திறந்து வையுங்கள், வெளியே போகும் ஒலி திரும்பி வராது. சபின் ஒலி உறிஞ்சலை அளக்க வைத்துக்கொண்ட அலகே திறந்த ஜன்னல்தான்.

வாங்குமுன், பொருத்துபவரை வார நாளொன்றில், கோயில் வெறுமையாக இருக்கும்போது வரச் சொல்லுங்கள். பாட்டுப் போட்டுக் காட்ட விடாதீர்கள், பாட்டு எதிலும் நன்றாகத்தான் கேட்கும். கேட்டுப் பழகாத ஒரு வாசகத்தை யாரேனும் வாசிக்கட்டும். கடைசி வாங்கிலில் வயதான ஒருவரை இருத்தி, என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.