மார்கழிக்கு எது: ஸ்வெட்டரா, சென்னிமலைப் போர்வையா?
சென்னையில் மார்கழி விடியற்காலை பெரும்பாலும் 20, 21 டிகிரிதான். ஆனாலும் கதகதப்பாகப் போர்த்திக்கொள்ள வருடத்தில் நமக்குக் கிடைப்பது அந்த நான்கைந்து வாரம்தான். அதை நான் விடுவதே இல்லை.

கம்பளி ஸ்வெட்டரின் சூடு அதன் சுருண்ட இழைகளுக்குள் தங்கும் காற்றிலிருந்து வருகிறது. காலை ஐந்தரைக்குக் கோயிலுக்குக் கிளம்ப இதுதான் சரி, கை இரண்டும் விடுதலை. ஆனால் எட்டு மணி வெயில் ஏறியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கழுத்தில் அரிக்கும், உள்ளே பருத்திச் சட்டை கட்டாயம். மீதிப் பதினோரு மாதம் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும்.

சென்னிமலைப் போர்வை வேறு ரகம். ஈரோடு மாவட்டத்துக் கைத்தறிப் பருத்தி. புதிதாக வாங்கும்போது கஞ்சி விறைப்பில் மொடமொடவென்று இருக்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும். மொட்டைமாடியில் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு விரலை மட்டும் வெளியே நீட்டி டபரா காபியைப் பிடிக்கும் சுகம் இருக்கிறதே, அதை எந்த ஸ்வெட்டரும் தராது. வியர்த்தால் காலைத் திறந்து விட்டால் போதும். பனியில் நனைந்தால் மட்டும் சில்லிடும். வண்டியில் போகும்போது இது வேண்டவே வேண்டாம், முனை சக்கரத்தில் சிக்கும்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், போர்வையை வாங்குங்கள். தை பிறந்த பிறகும் அது பெட்டிக்குள் போகாது.