ஆரி பிளவுஸ் ஆர்டருக்கு இன்ஸ்டாவா, வாட்ஸ்அப்பா?

வீட்டிலிருந்தே ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 2020 ஜூலையில், டிக்டாக் தடை வந்த அடுத்த மாதமே இந்தியாவுக்கு வந்தது. முன்பின் தெரியாதவர் கண்ணிலும் நம் வேலையைக் கொண்டுபோய்க் காட்டும். ஊசி ஏறி இறங்கும் வீடியோவுக்கு லைக் குவியும், கீழே "விலை?" என்று வரிசையாகக் கேட்பார்கள். சொன்னதும் பாதிப் பேரைக் காணோம். சிலர் டிசைனை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தெருமுனை டெய்லரிடம் போய்விடுவார்கள், அது தனிக்கதை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதுவும் நம் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். வட்டம் சின்னது. ஆனால் "அக்கா, வர்ற முகூர்த்தத்துக்குள்ள முடியுமா? அளவு பிளவுஸ் கொடுத்து விடவா?" என்று கேட்கிறவர் இங்கேதான் வருவார். இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்வார், சரி; முன்பணத்தையும் அன்றைக்கே போட்டுவிடுவார்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு வாட்ஸ்அப்புக்குத்தான். பிசினஸ் செயலி இலவசம். அதிலுள்ள கேட்டலாக்கில், அதாவது நம் பொருட்களைக் காட்டும் பக்கத்தில், விலையோடு பத்துப் படம் போட்டால் போதும். ரீல்ஸ் அப்புறம். அதைத் தொடங்கும்போது பயோவில் வாட்ஸ்அப் லிங்க்கைப் போட மறக்காதீர்கள்.