ஜேசிபியா, கம்பி வேலியா, ஊர்க்கட்டா? நம்ம மேய்க்காலுக்கு எது ஒத்துவரும்

சாயல்குடியிலிருந்து கீழக்கரை வரை கடலோரமாகப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்கள் தரவை என்று சொல்லும் வெட்டவெளி பல இடங்களில் இன்று சீமைக்கருவேலக் காடு. வருவாய்ப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம், நேரில் போனால் ஆடே நுழைய முடியாத முள். இதை மறுபடியும் புல் நிலமாக்க என்ன வழி என்று பேச்சு எழுந்தால் மூன்று யோசனைதான் மாறி மாறி வரும்: ஜேசிபி விட்டுத் தோண்டு, கம்பி வேலி போட்டு ஆட்டை வெளியே நிறுத்து, ஊர் கூடிக் கட்டுப்பாடு வைத்துப் பருவத்துக்கு மட்டும் மூடு. வறண்ட மலைநாட்டுக்காரர்கள் நமக்கு முன்பே இந்தப் பாடு பட்டவர்கள், அவர்கள் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகும்.

ஜேசிபி பார்க்கப் பெரிய வேலை. ரெண்டே நாளில் காடு காணாமல் போகும், போட்டோ எடுக்கவும் நன்றாக இருக்கும். அப்புறம் ஐப்பசி மழை விழுந்ததும் தெரியும் சேதி. முள்ளின் துளிர்க்கிற மொட்டெல்லாம் வேர்க்கழுத்தில், தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாணுக்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழே அறுத்துவிட்டால் மரம் திரும்பாது, இதற்குக் கடப்பாரையும் கோடாலியும் போதும். இயந்திரமோ அவசரத்தில் பாதியை முறித்துப் போட்டுவிட்டு மேல்மண்ணை அடியில் தள்ளி, உப்பேறிய அடிமண்ணை மேலே கொண்டுவருகிறது. உப்பில் புல் முளைக்கத் திணறும், சீமைக்கருவேலம் அசராது. மண்ணில் கிடக்கும் விதைக் கையிருப்பு வேறு பல வருஷம் தாங்கும். இனிப்பான நெற்றை மாடு தின்று போட்ட சாணியை மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள், ஒரே சாணியில் கொத்தாக நாற்று நிற்கும். 1877 வாக்கில் இந்தியாவுக்கு வந்த மரம், அதை அகற்றச் சொல்லி நீதிமன்றம் வரை போய் வந்தும் இன்னும் நிற்கிறது என்றால் இந்தப் பிடிவாதத்தால்தான். தோண்டின கையோடு புல் விதைக்கத் திட்டம் இல்லாமல் ஜேசிபி கூப்பிடுவது என் கணக்கில் வீண் செலவு. (கரிமூட்டக்காரர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வெட்டுவது மறுபடி தழையட்டும் என்று கட்டையை விட்டுத்தான், அதையும் அழிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.)

கம்பி வேலிக்குப் பெரிய உதாரணம் சீனாவின் நிங்சியா. 2003இல் அந்தப் பகுதி முழுக்கத் திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்து, ஆட்டைக் கொட்டிலில் கட்டித் தீனி போடச் சொன்னார்கள். மொட்டைச் சரிவுகளில் புல் திரும்பியது உண்மை, ராத்திரியில் திருட்டு மேய்ச்சல் நடந்ததும் உண்மை. நம்ம பக்கம் இது இன்னும் சிரமம். கிடை ஆட்டுக்காரர் பிழைப்பதே ஆட்டை நடத்திக்கொண்டு போய் வயலில் அடைத்து, உரத்துக்கு வாங்கும் கூலியில். கொட்டிலில் கட்டினால் அந்தக் கூலி போச்சு, தீனிச் செலவு மட்டும் நிற்கும். வேலியின் ஒரு நல்லது, முள் விதை சுமந்துவரும் மாட்டை அது தடுக்கும். ஆனால் நிரந்தரமாகப் பூட்டிவைத்தால் கொழுக்கட்டைப் புல் முற்றிக் கட்டையாகி, புதுத் தூர் வெடிப்பது குறையும். கடித்துவிட்டுப் போக ஆடு வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மொராக்கோவின் அட்லஸ் மலையில், 2600 மீட்டர் உயரத்தில், ஊகைமெதன் என்ற மேய்ச்சல் நிலம். மார்ச் 15 முதல் ஆகஸ்ட் 10 வரை மூடல், ஆட்டுக்கார ஊர்கள் தாங்களே வைத்துக்கொண்ட கட்டு. புல் பூத்து விதை உதிர்த்த பிறகு திறப்பார்கள். அதையே அப்படியே இங்கே வைத்தால் ஐப்பசி முதல் தை வரை மூடவேண்டும், நமக்கு மழையும் புல்லும் அப்போதுதான். ஆனால் அந்த நாளில் ஆடெல்லாம் ஊரில் அல்லவா இருக்கிறது! அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில்தான் கீதாரிகள் (கிடை ஆட்டுக்காரர்கள்) தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கிடை போடக் கிளம்புவார்கள், மழைக்குத் திரும்பிவிடுவார்கள். மலைக்காரனுக்கு மூடல் காலத்தில் வேறு உயரத்தில் ஒரு மேய்ச்சல் உண்டு. நமக்கு மூடவேண்டிய மாதத்தில் வயலிலும் நெல், மிளகாய் நிற்கும், போக இடம் கிடையாது. மொத்தமாக மூடச் சொல்கிற எந்தத் திட்டமும் இங்கே உடைவது இந்த இடத்தில்தான்.

அதனால் பங்கு பிரித்து மூடுவதே சரி. மேய்க்காலை மூன்றாக்கி ஒரு பங்கை இரண்டு மழைக்கு மட்டும் அடைத்து, அதில் முள்ளை வேர்க்கழுத்தோடு அறுத்து, விதைத்து, மற்ற ரெண்டிலும் மேயவிடலாம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது விவசாயிகளின் சொந்த மேய்ச்சல் நிலத்தில், முள்கிளுவை உயிர்வேலிக்குள், வெள்வேல் நிழலில், கொழுக்கட்டைப் புல்லை முறை வைத்து மேய்ப்பது இதே கணக்குதான். அது பட்டா நிலம், ஒரு வீட்டுச் சொல் போதும். நம்முடையது பொது நிலம். காவல் யார், நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி வரும், பத்து ஆடு வைத்திருக்கும் நிலமில்லாத அக்காமாருக்குத்தான் முதல் அடி விழும்.

இதற்கு விடை சொன்னது ஹரியானாவின் சுகோமாஜ்ரி. சண்டிகரின் சுக்னா ஏரி தூர்ந்துகொண்டே வர, மண் வரும் வழியைத் தேடிப் போனால் அந்த ஊரின் மொட்டை சிவாலிக் சரிவு. 1970களில் சிறு அணை கட்டி, நீரில் நிலமில்லாதவர்க்கும் பங்கு வைத்தார்கள். பங்கு கிடைத்ததும் ஊரே சரிவைக் காத்தது. நம்மிடம் பகிர அணை நீர் இல்லை, ஆனால் முள் இருக்கிறது. வெட்டின விறகையும் கரியையும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் காவலாள் கூலியும், மூடின பங்கில் முன்பு ஆடு மேய்த்து வந்தவர்களுக்கு ஈட்டுத் தொகையும் கொடுத்தால் கட்டுப்பாடு நிற்கும். ஏலப்பணம் பொதுக்கணக்கில் போய் மறைந்தால் நிற்காது. உடைமரத்தை மட்டும் வெட்டுக்கு விடாதீர்கள், அதன் நெற்று கோடையில் ஆட்டுக்கு ஆகும்.

விதையில் ஒரு விஷயம். கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி, கடற்காற்றில் பறந்துவிடும். களிமண், சாணி, மணல் சேர்த்து உருட்டிப் போடவேண்டும். கூட முயல் மசால் என்ற தீவனச் செடியும் போடுவதானால் அதன் தோல் கெட்டி, 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிஷம் வைத்து எடுத்து ஊறப்போட வேண்டும். புதுக் கொழுக்கட்டை விதை சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் பழகவேண்டும். ஆக, ஆவணி, புரட்டாசியில் விதைக்கிற ஊர் தை, மாசியிலேயே விதை எடுத்து வைத்திருக்க வேண்டும், பஞ்சாயத்துத் தீர்மானம் அதற்கும் முன்னால்.